போதைக்கு முன்னே நடந்தது

பிள்ளை கஞ்சா புகைக்கிறான், மாத்திரை விழுங்குகிறான் என்று பெற்றோர் எங்களை நாடி வருகையில், பேச்சு பெரும்பாலும் போதையிலேயே தொடங்கிப் போதையிலேயே முடிந்துவிடுகிறது. யாருடைய சேர்க்கை, பணம் எங்கிருந்து வந்தது, எந்த மறுவாழ்வு இல்லம் நல்லது என்றே வினவுகின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியராகிய நாங்கள், பங்கில் இத்தகைய குடும்பங்களோடு அமர்ந்து பேசி வருகிறோம். போதைக்கு முன்னே வீட்டில் நடந்தது என்ன என்று கேட்பது எங்கள் வழக்கம். தேர்வில் தோல்வி என்பர் சிலர். தந்தையின் குடி என்பர் வேறு சிலர். இன்னும் சிலரோ தலைகுனிந்து மௌனமாகிவிடுவர்.

அத்தகைய மௌனத்தை ஒரு தாய் எங்கள் முன் கலைத்தார். மகனுக்கு வயது பதினாறு. நடையிலும் பேச்சிலும் பெண்ணின் சாயல் இருக்கிறதென்று சிறுவயது முதலே கண்டிப்பு. உறவினர் திருமணங்களுக்கு அவனை அழைத்துச் செல்வதில்லை. தேடிவந்த தோழனை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தன் மனம் ஆண்களையே நாடுகிறது என்று அவன் ஒருநாள் சொன்னபோது, இதை வெளியே சொல்லிவிடாதே என்பதே தந்தையின் மறுமொழி. "நாங்க அவன ஒரு அடிகூட அடிச்சதில்ல, டீச்சர்" என்று அந்தத் தாய் அழுதார். அது உண்மையென்றே நம்புகிறோம். பின்னர் அவனிடம் தனியே பேசினோம். கஞ்சா கொடுத்தவர்கள் தன்னைக் கேலி செய்ததில்லை என்றான். வேறெதையும் அவன் புகழ்ந்து சொல்லவில்லை.

அடியில்லாத இந்தப் புறக்கணிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கெய்ட்லின் ரயானும் குழுவினரும் 2009-இல் அதனை வெளியிட்டனர். தன்பால் ஈர்ப்போ இருபால் ஈர்ப்போ உடைய 224 இளைஞர்களிடம், வளரிளம் பருவத்தில் வீட்டார் நடத்திய விதம் கேட்கப்பட்டது. வீட்டாரால் மிகுதியாகப் புறக்கணிக்கப்பட்டோர் சட்டவிரோதப் போதைப்பொருளை நாடும் வாய்ப்பு, அவ்வாறு புறக்கணிக்கப்படாதோரைக் காட்டிலும் 3.4 மடங்கு, தற்கொலைக்கு முயன்றிருக்கும் வாய்ப்போ 8.4 மடங்கு! நினைவிலிருந்து சொல்லப்பட்டவை ஆதலின், காரண காரியத்தை இவ்வெண்கள் மட்டுமே நிறுவிவிடா. எனினும், வீட்டு நிகழ்ச்சிகளிலிருந்து விலக்குவதும், நண்பரைத் தடுப்பதும், மறைத்து வாழச் சொல்வதும் அடி உதையோடு ஒரே பட்டியலில் வைத்து எண்ணப்பட்டன என்பது எங்களைச் சிந்திக்க வைத்தது. அந்தத் தாய் கண்டிப்பு என்று நினைத்தவை யாவும் அப்பட்டியலில் இருந்தன.

பெற்றோர் கொடியவர் என்று ரயான் எங்கும் கூறவில்லை. பிள்ளை ஊரோடு ஒத்துப் போகவேண்டும், துன்பப்படக் கூடாது என்ற அன்பும் அச்சமுமே அவர்களை அவ்வாறு நடக்கச் செய்கின்றன என்கிறார். நாங்கள் கண்டதும் அதுவே.

அக்குழுவினரே 2010-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வீட்டாரின் ஏற்பு போதைப் பழக்கத்திற்கு எதிரான காப்பாக அமைவதைக் காட்டியது. சமயச் சார்புள்ள வீடுகளில் வளர்ந்தோர், அத்தகைய சார்பின்றி வளர்ந்தோரைவிடக் குறைந்த ஏற்பையே பெற்றதாகக் கூறினர் என்பதும் அதில் உண்டு. மாலைதோறும் செபமாலை சொல்லும் வீட்டினர் இதனை எளிதில் கடந்துவிடலாகாது. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலே இத்தகையோரை மதிப்போடும் பரிவோடும் கனிவோடும் ஏற்கவேண்டும் என்றும், அநியாயமாக அவர்களைப் பிரித்து நடத்தலாகாது என்றும் பணிக்கிறதே! ஏற்றுக்கொண்டால் ஊக்குவித்ததாகாதா என்று கேட்போர்க்கு, உணவு மேசையில் ஓர் இருக்கை தருவது எதற்கும் ஊக்கமளிப்பதாகாது என்றே நாங்கள் சொல்லி வருகிறோம்.

சிலர் போதையையும் இயல்பையும் சேர்த்தே 'குணப்படுத்த' மருத்துவரைத் தேடுகின்றனர். ஒருவருடைய பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சையைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. கஞ்சாவுக்கு மருத்துவம் தேவை, மற்றதற்குத் தேவையில்லை.

எங்கள் கண்ணில் பட்ட மறுவாழ்வு இல்லப் படிவங்களில், எத்தனை நாளாகப் பழக்கம், எவ்வளவு அளவு என்ற வினாக்கள் உண்டு. வீட்டில் அவனோடு பேசுகிறவர் யார் என்ற வினாவை ஒன்றிலும் காணவில்லை. இப்போது பெற்றோரிடம் அதனை நாங்களே முதலில் கேட்டுவிடுகிறோம்.