கையை வீசினால் பந்து போகும்!

நிண்டெண்டோவின் வீ அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2006 நவம்பர் 19-ல். விலை 250 டாலர். இரண்டு நாள் முன்னால் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3-க்கு 499 அல்லது 599 டாலர் எண்ணி வைக்க வேண்டும். அப்படியும் சோனி நஷ்டத்தில்தான் விற்றது. நிண்டெண்டோ முதலிலிருந்தே லாபம் பார்த்தது. படத்தின் துல்லியத்தில் வீ, சோனியின் பக்கத்திலேயே நிற்க முடியாது. பிறகு எப்படி ஓடியது? எல்லாம் கூடவே வந்த அந்த ரிமோட்டால்தான்.

அதைப் பார்த்தால் டிவி ரிமோட் மாதிரியே இருக்கும். சூட்சுமமே அங்கேதான். வழக்கமான கேம் கண்ட்ரோலரில் இரண்டு குச்சி, பத்துக்கும் மேல் பட்டன்கள். அம்மா கையில் கொடுத்தால் "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். டிவி ரிமோட்டை யார் வேண்டாம் என்பார்கள்? ஜப்பான், கொரியா தவிர மற்ற நாடுகளில் வீ ஸ்போர்ட்ஸ் விளையாட்டையும் பெட்டியிலேயே இலவசமாக வைத்தார்கள். "இதுதான் டென்னிஸ் மட்டை, வீசு பாட்டி!" பாடம் அவ்வளவுதான்.

முதல் ஒரு மணி நேரம்தான் இதில் அழகே. எல்லோரும் எழுந்து நின்று முழுக்கையையும் வீசுவார்கள். யாருக்கும் அனுபவம் கிடையாது, அதனால் பேரனும் பாட்டியும் ஒரே தரம். வீசிய வேகத்தில் ரிமோட் பறந்துபோய் டிவி மேல் விழுந்த கதைகளும் உண்டு. மணிக்கட்டுக் கயிறு அறுந்துபோகிறது என்று 2006 டிசம்பரிலேயே சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தர நிண்டெண்டோ முன்வந்தது. 0.6 மில்லிமீட்டர் கயிறு 1 மில்லிமீட்டர் ஆனது. அடுத்த வருடம் ரிமோட்டுக்கு ரப்பர் உறை மாதிரி ஒரு சட்டையும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

அப்புறம் பேரன் ஒன்றைக் கண்டுபிடிப்பான். கையை வீசவே வேண்டாம், மணிக்கட்டைச் சுண்டினால் போதும்!

ரிமோட்டுக்குள் இருப்பது முடுக்கத்தை அளக்கும் ஒரு சின்ன சில்லு. சட்டென்று ஓர் அசைவு வந்ததா என்பது அதற்குத் தெரியும். அசைந்தது தோளா, விரலா என்பது தெரியாது. டிவிக்கு மேலே வைக்கும் 'சென்சார் பார்' பாட்டியின் கையைப் பார்க்கிறது என்று நினைத்தால் அதுவும் இல்லை. அது எதையுமே உணராது. இரண்டு முனையிலும் அகச்சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். பார்க்கிற கேமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. (அந்தப் பாருக்குப் பதில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் வேலை செய்யும்!)

டென்னிஸில் ஆள் தானாகவே ஓடிப்போய்ப் பந்துக்கு நேரே நின்றுகொள்வான். பெரும்பாலும் வீசும் நேரம்தான் நம் கையில். ஆக, பேரன் சோபாவில் சாய்ந்துகொண்டு ஜெயிக்க ஆரம்பிப்பான். பாட்டி மட்டும் நின்றபடி முழுக்கையால் வீசிக்கொண்டே தோற்பார். விளையாட்டை உண்மையில் விளையாடியது யார் என்று கேட்டால், பாட்டிதான்! ஸ்கோர் போர்டுக்குத்தான் அது தெரியாது.

2009-ல் கை திரும்புவதையும் அளக்கும் மோஷன் பிளஸ் என்ற துணைக்கருவி வந்தது. அதற்கென்றே வந்த வாள்சண்டையில், கை சாய்கிற பக்கம் வாளும் சாய்ந்தது. ஆனால் அந்தப் பழைய டென்னிஸுக்கு மோஷன் பிளஸ் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதில் இன்றைக்கும் சோபாவில் படுத்துக்கொண்டே ஜெயிக்கலாம்.