வீட்டுக்கா, ஆத்துக்கா

லண்டனில் என் மகள் குடியிருப்பது ஈஸ்ட் ஹாமில். முருகன் கோயில், இட்லி மாவு, கறிவேப்பிலை எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் கிடைக்கும் பேட்டை. அங்கே போனால் மாலையில் நான் நடக்கப் போகும் பாதைக்கு க்ரீன்வே என்று பெயர். சுற்றியுள்ள தெருக்களைவிட உயரமாக எழுப்பிய கரை; அதன்மேல் சுமார் ஏழு கிலோமீட்டருக்குப் பாதை. சைக்கிள்காரர்கள், நாயோடு வருகிறவர்கள், இருபுறமும் முட்புதர். கரைக்குள்ளே செங்கல் குழாய்களில் ஓடுவது தேம்ஸுக்கு வடக்கே உள்ள லண்டனின் கழிவு. 1860-களில் கட்டியது. வெயில் காலத்தில் சில இடங்களில் வாடை மேலே வரும். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பாள். நான் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் நகர்வேன். அது மாமா வீட்டு வாடை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கூவம் கரையோரம் ஒரு பம்பிங் ஸ்டேஷனில் ஆபரேட்டர். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். காம்பவுண்டுக்குள்ளேயே குவார்ட்டர்ஸ், ஒரு வேப்பமரம், இரண்டு முருங்கை. முழுப்பரீட்சை லீவு விட்டதும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து என்னையும் அண்ணனையும் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முதல் இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. பிறகு வாடை இருப்பதே தெரியாது. வீட்டுக்குத் திரும்பியதும் அம்மாதான் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு நேரே கொல்லைக்குக் கொண்டுபோய்ப் போடுவாள்.

சென்னை தட்டையான ஊர். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடிப்போய்விடும் என்று சாக்கடையை விட முடியாது. குழாயைச் சரிவாகப் போட்டுக்கொண்டே போனால் கொஞ்ச தூரத்தில் அது ஆழத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு கிணறு வெட்டி, வந்து சேர்வதை மோட்டாரால் மேலே ஏற்றி, அடுத்த குழாய்க்குத் தள்ள வேண்டும். அப்படிக் கிணறு கிணறாக ஏறி இறங்கித்தான் கழிவு ஊரைக் கடக்கிறது. மாமாவின் கிணற்று வாயில் இரும்புக் கம்பிச் சல்லடை இருந்தது. அதில் துணி, தலைமுடிச் சிக்கு, வாழைமட்டை, பிளாஸ்டிக் பொம்மையின் கை எல்லாம் சிக்கும். ஒருதடவை வெள்ளிக் கொலுசு ஒன்று. ஒற்றைக் கொலுசு. மாமா அதைக் கழுவி ஜன்னலில் மாட்டிவைத்திருந்தார், யாராவது கேட்டு வருவார்கள் என்று.

அங்கே மோட்டார் ஓடும் சத்தம் எப்போதும் உண்டு, தூக்கத்தில்கூட. அது நின்றால் மாமா விழித்துக்கொள்வார். கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டார்ச்சோடு கிணற்றுக்கு ஓடுவார், நானும் பின்னாலேயே. கிணற்றுச் சுவரில் அடிக்கணக்குக்குக் கோடுகள் போட்டிருக்கும். கறுப்பு நீர் ஒவ்வொரு கோடாக விழுங்கிக்கொண்டு மேலே வரும்.

"கரண்ட் போனா சாக்கடை நிக்குமா பாப்பா? ஊரு குளிச்சிக்கினேதான் இருக்கும்."

ஓரத்தில் ஒரு ஷட்டர் இருந்தது. அதைத் தூக்க கிரீஸ் அப்பிய பெரிய சக்கரம். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "இப்ப இது ரெண்டு எடத்துக்குத்தான் போவும். அடைச்சி வெச்சா பின்னால ஏறி வீட்டு கக்கூஸ் வழியா வரும். தொறந்தா ஆத்துக்கு. வீட்டுக்கா, ஆத்துக்கா? நீயே சொல்லு."

நான் ஆத்துக்கு என்றேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மாமா சக்கரத்தைச் சுற்றினார்.

அந்தக் குழாய்களை யார் எப்போது போட்டார்கள் என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. 1910 வாக்கில் வகுத்த திட்டம். 1961-ல் மெட்ராஸில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று ஐம்பது வருடம் முன்னோக்கிப் போட்ட கணக்கு. 1961 சென்சஸில் எண்ணியபோது இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். அந்தத் திட்டத்தில் வேலை செய்த மாட்லி என்ற எஞ்சினியரின் பெயர் தி.நகரில் சாலையாகவும் சுரங்கப்பாதையாகவும் இன்னும் இருக்கிறது. மழை பெய்தால் அந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பதைத்தான் ஊர் பேசும். அவர் குடிநீருக்கும் சாக்கடைக்கும் உழைத்தவர் என்று யாரும் நினைப்பதில்லை. கணக்குத் தப்பியதற்கு அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது வருடத்தைப் பார்த்தவர் அவர். அதற்குப் பிறகு வந்தவர்களில் ஐந்து வருடத்தைத் தாண்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 1970-களின் தொடக்கத்தில் கூவத்தில் படகு விட்டார்கள். நம்பாதவர்களுக்காகத் திரும்பவும் சொல்கிறேன்: கூவத்தில் படகு. கரையெல்லாம் கட்டி, படகுத்துறைகளுக்குப் பாரி, ஓரி என்று கடையெழு வள்ளல்களின் பெயரை வைத்தார்கள். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். திரும்பி வந்து மாமாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "மூஞ்சி கழுவாம பவுடர் போடறாங்க" என்றார். படகுகள் சில காலம்தான் ஓடின. துறைகள் வெகுகாலம் இடிந்தபடி கிடந்தன. ஆற்றுக்கென்று அதற்குப் பிறகும் எத்தனையோ திட்டம் வந்தது. தூர் வாரினார்கள், வேலி போட்டார்கள், முகத்துவாரத்தில் மணலை அள்ளினார்கள். ஆற்றைக் கெடுப்பது ஆற்றில் இல்லை, அது தெருவுக்கு அடியில் இருக்கிறது என்பது மாமாவுக்குத் தெரிந்திருந்தது. தெருவுக்கு அடியில் போடும் குழாயை யாரும் கூட்டிப்போய்க் காட்ட முடியாது. ரிப்பன் வெட்டவும் இடமில்லை.

லண்டன்காரர்களுக்கும் நாற்றம் மூக்கில் ஏறியபிறகுதான் புத்தி வந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றத்தில் பார்லிமென்ட் ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்பு குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதே கோடையில் சட்டம் நிறைவேறியது. ஜோசப் பேசல்கெட் என்ற எஞ்சினியர் ஆற்றுக்கு இணையாகப் பெருங்குழாய்கள் போட்டு, ஆற்றில் விழுந்துகொண்டிருந்த சாக்கடைகளை வழிமறித்துக் கிழக்கே திருப்பினார். நான் நடக்கிற கரை அதில் ஒரு பகுதி. அதன் ஓரமாக ஆபி மில்ஸ் என்று ஒரு பழைய பம்பிங் ஸ்டேஷன் இருக்கிறது. முதல்முறை பார்த்தபோது சர்ச் என்றே நினைத்தேன்; அத்தனை வளைவும் பூவேலையும். தாழ்ந்த குழாயில் வருவதைப் பத்து மீட்டருக்கு மேல் தூக்கி இந்தக் கரைக்குழாயில் விடுவதுதான் 1868-ல் அதற்குக் கொடுத்த வேலை. மாமாவின் வேலையேதான். வேப்பமரம் மட்டும் இல்லை.

பேசல்கெட்டின் குழாயில் ஒன்று உண்டு. மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் போகும். பெருமழையில் குழாய் நிரம்பினால் வீடுகளுக்குள் எதிர்த்து ஏறக் கூடாதே என்று, ஆற்றை நோக்கி வழியும் வாய்களை அவரே கட்டிவைத்தார். படித்தபோது எனக்கு மாமாவின் சக்கரம்தான் கண்ணில் வந்தது. வீட்டுக்கா, ஆத்துக்கா? அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். கை மட்டும் தேவைப்படவில்லை. எப்போதோ வழியட்டும் என்று விட்ட வாய்கள் அவை. அவர் நாற்பது லட்சம் பேருக்குக் கணக்குப் போட்டார், இன்று லண்டனில் தொண்ணூறு லட்சம் பேரை நெருங்குகிறார்கள். மண் தரையெல்லாம் சிமெண்டாகிவிட்டது. சாதாரண மழைக்கே வழிகிற நிலை வந்து, ஒரு வருடத்தில் ஆற்றுக்குப் போனது கோடிக்கணக்கான டன்.

மூன்றாவதாக ஓர் இடத்தை இப்போது தோண்டியிருக்கிறார்கள். மேற்கே ஆக்டனில் தொடங்கி, பெரும்பாலும் தேம்ஸுக்கு அடியிலேயே 25 கிலோமீட்டர் வந்து, ஆபி மில்ஸில் முடிகிற சுரங்கம். 7.2 மீட்டர் விட்டம். வழிந்து ஆற்றில் விழுவதைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்ததும் பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இறைத்துவிடும். 2025 பிப்ரவரியில் கடைசி இணைப்பும் முடிந்தது. தோண்டிய இயந்திரங்களுக்கு மில்லிசென்ட், ரேச்சல் என்று சாதனைப் பெண்களின் பெயர்கள். நம் ஊரில் படகுத்துறைக்கு வள்ளல்கள் பெயர், அங்கே மண் தோண்டும் இயந்திரத்துக்குப் பெண்கள் பெயர். செலவு 400 கோடி பவுண்டுக்கு மேல். வீட்டுத் தண்ணீர் பில்லில் வருடத்துக்கு இருபது, இருபத்தைந்து பவுண்டு சேர்த்து வாங்குகிறார்கள். மாப்பிள்ளை ஒவ்வொரு பில்லுக்கும் முனகுவார். அத்தனையும் போட்டும் கொட்டித் தீர்க்கிற மழைக்கு வருடத்தில் சிலமுறை வழியத்தான் செய்யும். சுரங்கம் வேண்டாம், மழைநீரை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்குங்கள் என்று அங்கே வாதாடியவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டும் என்பது என் கட்சி. சும்மா மண்ணை மட்டும் நம்பிப் பேசுகிறவர்கள் கிணற்றுச் சுவரில் கோடுகள் முழுகுவதைப் பார்த்ததில்லை.

மாமாவின் ஸ்டேஷனுக்கு வெளியே காலையில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். மூங்கில் பிளாச்சு, கயிறு, வாளி. எங்கேயாவது அடைப்பு என்று புகார் வந்தால் அவர்கள் கிளம்புவார்கள். மேன்ஹோல் மூடியைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். கரப்பான்பூச்சி உயிரோடு ஓடினால் காற்று இருக்கிறது, இறங்கலாம். பம்ப் ஓட்டுகிறவர்களில் பல சாதியாரும் இருந்தார்கள். குழிக்குள் இறங்குகிறவர்களில் ஒன்றிரண்டு சாதியார்தான். அவர்களுக்கு டீ கொண்டுவரும் கிளாஸ் தனியாக ஜன்னலுக்கு வெளியே இருந்தது, கொலுசு மாட்டிய அதே ஜன்னல். 2013-ல் சட்டம் வந்தது, மனிதரை இறக்கக் கூடாதென்று. 2014-ல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023-ல் 30 லட்சமாக்கியது. தொகையை ஏற்ற வேண்டியிருந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே அர்த்தம். ஜெட்டிங் லாரி வந்துவிட்டது, ரோபோகூட வந்துவிட்டது. ஆனால் தாங்காத குழாயில் திணித்துக்கொண்டே இருந்தால் அடைப்பு வந்துகொண்டேதான் இருக்கும். காசுக்காக யாரையாவது இறக்கும் கான்ட்ராக்டரும் இருப்பார். குழாயை மாற்றுவது ஆற்றுக்காக மட்டும் என்று நினைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

சென்னையில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று நான்கு பக்கமும் சுத்திகரிப்பு நிலையங்கள். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-லிருந்து தினம் 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மேலும் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு விற்கும் ஆலைகள். மாமா இருந்திருந்தால் சாக்கடையை விலைக்கு வாங்குகிறார்கள் என்பதை நம்பியிருக்க மாட்டார். ஆனால் 2011-ல் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது உள்ளே வந்த ஊர்கள் பலவற்றில் பாதாளச் சாக்கடையே இல்லை. செப்டிக் டாங்க் லாரி ராத்திரியில் எங்கே காலி செய்கிறது என்று கேட்டால் டிரைவர் சிரிப்பார். நம் ஊரில் மழைநீருக்கும் கழிவுக்கும் தனித்தனிக் குழாய். லண்டனைவிட நல்ல ஏற்பாடுதான், காகிதத்தில். கழிவை மழைநீர் வடிகாலில் கள்ளத்தனமாகச் சேர்க்கிறோம், அது வெயில் நாளிலும் நேரே ஆற்றுக்குப் போகிறது. மழைநீரைக் கழிவுக் குழாயில் விடுகிறோம், அது மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு வருகிறது. லண்டனில் வழிவதற்கு மழை வேண்டும். நமக்கு அதுவும் வேண்டாம்.

மழைநீரைக் கழிவுக் குழாயில் விடும் இந்த இரண்டாவது வேலையை எங்கள் அடுக்ககமே செய்துகொண்டிருந்தது. மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாய் நான்கும் காம்பவுண்டுக்குள் இருக்கிற சாக்கடைக் குழியில் முடிந்தன. 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது தோண்டிய மழைநீர்க் குழி மண்மூடி, அதன் பலகை மேல் துளசித்தொட்டிகள் இருந்தன. சங்கக் கூட்டத்தில் இதைக் கிளப்பினேன். செயலாளர், "மேடம், வருஷத்துல நாலு நாள் விஷயம். எல்லா பில்டிங்லயும் இப்படித்தான்" என்றார். எல்லா பில்டிங்கிலும் இப்படித்தான் என்பதுதான் பிரச்சினையே என்றேன். லிஃப்ட் பராமரிப்பும் சிசிடிவியும் முடிந்து மூன்றாவதாக வந்த இந்த விஷயத்தில், டைல்ஸை உடைக்க வேண்டும் என்றதும் முதல் மாடிக்காரர் எழுந்துவிட்டார். கடைசியில் நான்கு குழாயில் இரண்டை முதலில் மழைநீர்க் குழிக்குத் திருப்புவது என்று தீர்மானமாகி, வேலையும் நடந்தது. குழியில் தூர் வாருவதோடு சேர்த்து பிளம்பர் 18,000 வாங்கினார். 28 வீடு, வீட்டுக்கு அறுநூற்றைம்பது ரூபாய் என்று ரசீது போட்டார்கள். முதல் மாடிக்காரர் இன்னும் தரவில்லை.