மெஷின் 300 காட்டுதா? முதல்ல கையைக் கழுவுங்க

1/ வீட்ல குளுக்கோமீட்டர் வச்சு சுகர் பார்க்கிறவங்க, அப்பா அம்மாவுக்குப் பார்த்துச் சொல்றவங்க, இதை ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க. நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2/ போன மாம்பழ சீசன். இன்சுலின் போடுற ஒரு அம்மா, 60 வயசுக்கு மேல. பழக்கடை வச்சிருக்காங்க. ஓ.பி.யில் மகன் ஒரு நோட்டை நீட்டினார். சாயங்கால சுகர்: 286, 310, 297. வெளியே வராண்டா வரைக்கும் வரிசை. நோட்டைப் பார்த்தேன், ராத்திரி ஊசியில் 4 யூனிட் கூட்டி எழுதினேன். எப்படிப் பார்த்தீங்கன்னு கேட்கவே இல்லை.

3/ ஐந்தாம் நாள் விடியற்காலை 3 மணி. டூட்டியில் நான்தான். அதே அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. சேலை நனையுற அளவுக்கு வேர்வை, பேச்சு குழறுது. சுகர் 38. குளுக்கோஸ் ஏத்தின சில நிமிஷத்தில் கண் திறந்தாங்க. மகன் சொன்னார்: "நீங்க எழுதின அளவுதான் டாக்டர் போட்டோம்." என்கிட்ட பதில் இல்லை.

4/ பழைய அளவுக்கே குறைத்து அனுப்பினேன். அடுத்த வாரம் கடையிலிருந்து நேரா வந்தாங்க, மெஷினோட. "வீட்ல பார்க்கிற மாதிரியே பாருங்கம்மா" என்றேன். 274. சோப்பு போட்டுக் கழுவி, நல்லா துடைச்சிட்டு மறுபடி பார்க்கச் சொன்னேன். 141.
"பழம் நறுக்கின கை தம்பி. முந்தானையில துடைச்சிட்டுத்தான் குத்துவேன்."

5/ காரணம் ரொம்ப எளிது. பெரும்பாலான ஸ்ட்ரிப்புகள் உறிஞ்சுறது ஒரு மைக்ரோலிட்டர் அளவு ரத்தம், சிலது அதையும் விடக் குறைவு. அந்தத் துளியில் விரலில் ஒட்டின பழச்சாறு துளியூண்டு கலந்தாலும் எண் எகிறிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைச்சா போதாது. சர்க்கரை தண்ணீரில் கரையும், ஸ்பிரிட்டில் சரியா கரையாது.

6/ சரியான முறை: சோப்பு, தண்ணீர். கை முழுசா காயணும், ஈரம் இருந்தா ரத்தம் நீர்த்துப் போகும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்க, வலி குறைவு. விரலைப் போட்டுப் பிழியாதீங்க. கழுவவே வழியில்லைன்னா, முதல் துளியைத் துடைச்சிட்டு இரண்டாவது துளியில் பாருங்க.

7/ ஸ்ட்ரிப் டப்பா மூடியை உடனே மூடணும். ஈரக்காற்று பட்டா ஸ்ட்ரிப் கெட்டுடும். ஃபிரிட்ஜ், அடுப்படி, வெயிலில் நிற்கிற வண்டி, இங்கெல்லாம் வைக்காதீங்க. காலாவதி தேதி பாருங்க. டப்பா திறந்த தேதியை மேலே எழுதிடுங்க.

8/ "லேப்ல 160, மெஷின்ல 175, மெஷின் ரிப்பேரா டாக்டர்?" இல்லை. மீட்டருக்கான சர்வதேசத் தரமே 100-க்கு மேல் 15 சதவீதம் முன்னே பின்னே அனுமதிக்குது. ஒப்பிடணும்னா வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் பாருங்க. சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சுகர் கொஞ்சம் கூடவே இருக்கும்.

9/ ரத்தசோகை இருந்தா பல மெஷின்கள் சுகரைக் கூட்டிக் காட்டும். ஹீமோகுளோபின் கம்மின்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

10/ ஒரு விதிவிலக்கு. வேர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம்னா கை கழுவப் போய் நிற்காதீங்க. மெஷின் நார்மல்னு காட்டினாலும் நம்பி உட்காராதீங்க. 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிங்க, 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்க. நினைவு தப்பியிருந்தா வாயில் எதுவும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

11/ எதிர்பாராத எண் வந்தா கழுவிட்டு இன்னொரு தடவை பாருங்க. ஒரு எண்ணை வச்சு நீங்களா ஊசி அளவைக் கூட்டாதீங்க. நானும் இப்போ நோட்டைத் திறக்கும் முன்னாடி எல்லார்கிட்டயும் கேட்கிறேன்: "கை கழுவிட்டுத்தான் பார்த்தீங்களா?" அன்னைக்கு ஓ.பி.யில் அதைக் கேட்க எனக்கு அஞ்சு செகண்ட் ஆகியிருக்கும்.