ஆளில்லா வளவும் மாம்பழக் குருவியும்

பறவை நூல்கள் மாங்குயில் என்று குறிப்பிடும் பறவையை எங்கள் பக்கத்தில் மாம்பழக் குருவி என்றே சொல்லிப் பழக்கம். இரண்டில் ஊரார் வைத்த பெயரே எனக்கு உவப்பானது. மாங்குயில் என்றதும் கேட்பவர் மனம் குயிலிடம் போய்விடுகிறது. இதுவோ குயிலினமன்று, தன் கூட்டைத் தானே கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கும் மானமுள்ள பறவை! பழுத்த மாம்பழத்தின் மஞ்சளை உடலெங்கும் பூசி, தலையை மட்டும் மையில் தோய்த்தெடுத்தாற்போன்ற தோற்றம். அலகு சிவப்பு, கண்ணும் சிவப்பு. இலங்கையில் நாம் வழக்கமாகக் காண்பது இந்தக் கருந்தலை மாங்குயிலைத்தான். லின்னேயஸ் 1758 இலேயே இதற்கு அறிவியற் பெயர் சூட்டிவிட்டார். தலையும் மஞ்சளாகி, கண்ணின் குறுக்கே கருங்கோடு ஒன்று மட்டும் ஓடுகின்ற பொன் மாங்குயில் வேறு. அது குளிர்காலத்தில் தமிழ்நாட்டில் பரவலாகத் திரிந்தாலும் பாக்கு நீரிணையைத் தாண்டி இங்கு வருவது அபூர்வம்.

தீவகத்துக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்றால் நண்பர்கள் உடனே மண்டைதீவுக் கடலில் பூநாரைகள் இறங்கிவிட்டனவா என்று விசாரிப்பார்கள். நெடுந்தீவு என்றால் குதிரைகளும் பெருக்கமரமும்; நயினாதீவு என்றால் அம்மன் கோயிலும் நாக விகாரையும். மரத்தின் உச்சிக் கிளைகளை விட்டுக் கீழிறங்க விரும்பாத ஒரு பறவைக்காகப் பனையும் உவரும் நிறைந்த அந்த நிலத்துக்கு ஏன் போகவேண்டும் என்பது நியாயமான கேள்வியே.

விடை கிணறுகளில் இருக்கிறது. சுண்ணக்கல் நிலமாகிய எங்கள் தீவுகளில், மழைநீர் கீழிறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. அளவோடு அள்ளினால் நன்னீர், பேராசைப்பட்டால் உப்பு. அந்த நன்னீர் அகப்பட்ட இடங்களில்தான் மனிதர் குடியிருந்தனர். குடியிருந்த இடங்களில் மாவும் பலாவும் வேம்பும் நட்டு, துலாவால் இறைத்து ஊற்றி வளர்த்தனர். தீவகத்தில் தழைத்த மரம் நிற்கும் இடமெல்லாம் அநேகமாக ஒரு வீடு இருந்த இடம் என்று கொள்ளலாம். 1990 ஆம், 1991 ஆம் ஆண்டுகளின் போரில் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பகுதிகளிலிருந்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கொழும்புக்கும் வன்னிக்கும் பின்னர் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனவர்களிற் பலர் திரும்பவில்லை. கூரைகள் போயின, யன்னல்களும் நிலைகளும் போயின. மரங்கள் மாத்திரம் நின்றன. தண்ணீர் அள்ள ஆளில்லாததால் கிணறுகளும் நிறைந்து கிடந்தன. அந்த வளவுகளிலே மாம்பழக் குருவிகள் இன்று குறைவின்றி வாழ்கின்றன.

பத்திரிகையாளனாக அத்தீவுகளுக்குப் போன நாட்களில் மரங்களை அண்ணாந்து பார்க்கும் மனநிலை எவருக்கும் இருந்ததில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் கமெராவுக்கு மின்கலம் கிடைப்பதே பெரும்பாடு. பின்வந்த ஆண்டுகளோ இன்னும் கொடியவை. 2000 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தீவகத்தில் நடந்த முறைகேடுகளை வெளியுலகுக்குச் சொன்ன மயில்வாகனம் நிமலராஜன், அவ்வாண்டு ஒக்ரோபர் 19 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் தமது வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். அதன்பின் பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது கமெராவைப் பையின் அடியில் புதைத்துக்கொண்டு போவதே எங்களுக்கு வழக்கமாயிற்று. நீண்ட வில்லையொன்றைத் தோளில் தொங்கவிட்டுப் புங்குடுதீவு வீதியில் நடப்பேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

2010 இல் முதன்முதலாக அப்படி நடந்தபோது காவலரணில் நின்ற இளம் கடற்படைச் சிப்பாய் மறித்தான். படங்களைக் காட்டச் சொன்னான். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனவன் ஓரிடத்தில் நின்று, "கஹ குருல்லா!" என்று முகம் மலர்ந்தான். மஞ்சள் குருவி என்று பொருள். தன் ஊரிலும் வீட்டு முற்றத்துக்கு வரும் என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டு வில்லையை என் கையில் தந்தான். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த இரண்டு நிமிடங்களில் எனக்கு வியர்த்த வியர்வை வெயிலால் வந்ததன்று.

இப்பறவையைப் படம் பிடிப்பதைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். புதிதாகக் கமெரா வாங்கிய இளைஞர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். இத்தனை பிரகாசமான மஞ்சள் எப்படி இலைகளுக்குள் மறைகிறது என்பதுதான் முதல் வியப்பு. காலை வெயில் இலையை ஊடுருவும்போது இலையே மஞ்சளாகிவிடுவதால் பறவை அதில் கரைந்துபோகும். ஆகவே கண்ணை நம்பாமல் காதை நம்புங்கள். புல்லாங்குழலில் இரண்டு மூன்று சுரங்களை வழியவிட்டாற்போன்ற குரல். இடையிடையே அதே தொண்டையிலிருந்து கரகரத்த ஓர் அதட்டல். குரலைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். பழுத்திருக்கும் ஆலையோ அரசையோ கண்டுபிடித்து, அதன் நிழலில் அசையாமல் இருந்தால் அது தானாக வரும்.

அடுத்தது ஒளி. சுற்றியுள்ள இருண்ட இலைகளை அளந்து கமெரா ஒளியைக் கூட்டிவிடும். மஞ்சள் வெளுத்து, இறகின் வரிகளெல்லாம் அழிந்து, வர்ணத்தாளில் வெட்டி ஒட்டிய பறவை போலாகும். அதற்காக ஒளியைக் குறைத்தாலோ தலை முழுதும் இருளாகிச் சிவந்த கண் மட்டும் தனியே மிதக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் உண்டு. அதைக் காலை எட்டு மணிக்கு முன்னரே பிடிக்கவேண்டும். கூட்டருகே கிளைகளை வெட்டி வழி செய்வதையும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதையும் நான் ஏற்பதில்லை. நல்ல படம் வேண்டுமென்பதற்காக ஒரு குடும்பத்தைக் குழப்புகிற வேலை அது.

புங்குடுதீவில் ஒரு வளவு. சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். அயலில் வசிக்கும் எண்பது வயது ஆச்சி ஒருவர் பார்த்துக்கொள்கிறார். கூரையில்லாத வீடு, பின்பக்கச் சுவரொன்றைப் பிளந்துகொண்டு ஓர் ஆல் எழுந்து நிற்கிறது. அதை எவரும் நடவில்லை. பழந்தின்னிப் பறவைகளின் எச்சத்தில் விழுந்த விதை. மாம்பழக் குருவிக்கும் அதில் பங்கிருக்கலாம். முப்பது ஆண்டுகளில் அதன் வேர்கள் சுவரைப் பாம்பு போலச் சுற்றிவிட்டன. அருகிலுள்ள மாமரக் கிளைக் கவட்டில் சென்ற ஆண்டு ஒரு சோடி கூடு கட்டியது. நாரும் புல்லும் சிலந்தி வலையும் கொண்டு பின்னி, கிளைக்கிடையில் ஏணை கட்டியதுபோலத் தொங்கும் கூடு. இரண்டு மரம் தள்ளி ஒரு கரிச்சானின் கூடும் இருந்தது. காகத்தையும் பருந்தையும் அஞ்சாது விரட்டுகிற கரிச்சானின் அயலில் மாம்பழக் குருவி குடியேறுவது தற்செயலன்று என்பார்கள்.

"தம்பி, உந்தக் குருவியைப் பாக்கவோ விடியக் காலமை யாழ்ப்பாணத்திலையிருந்து வாறியள்?" என்று ஆச்சி கேட்டார். ஆமென்றேன். தேத்தண்ணி வந்தது.

அந்த ஆலில் அமர்ந்து பழம் தின்னும் பறவையின் படமொன்றை ஆச்சியின் பேரன் என்னிடம் வாங்கி, கைபேசி வழியாகச் சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்டான். மறுநாளே அவர் என்னை அழைத்தார். பறவையைப் பற்றி ஒரு சொல் இல்லை. "ஐயா, உங்கட படத்திலை பின்னாலை மங்கலாத் தெரியிறது எங்கட அடுப்படிச் சுவரெல்லோ? அந்தக் கரி இன்னும் கிடக்கோ?" என்றார்.

பறவைப் படக்காரர்கள் பின்னணியை மங்கவைப்பதற்காகவே விலையுயர்ந்த வில்லைகளை வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் எடுத்துவந்தேன். அந்த அழைப்புக்குப் பிறகு அவருடைய வளவில் துளையை எஃப் 11 வரை சுருக்கி எடுத்தேன். ஒளி போதாமல் படத்தில் புள்ளி விழுந்தது. பறவை அசைந்தால் குழம்பியது. ஆனால் சுவரும் அதன் கரியும் மாடக்குழியும் தெரிந்தன. பத்துப் படங்கள் அனுப்பினேன். அவரும் பதிலுக்குத் தமது வீட்டுப் பின்வளவில் எடுத்த படமொன்றை அனுப்பி, "எங்கட குருவி இஞ்சையும் கோடைக்கு வருது" என்று எழுதியிருந்தார். பால்ரிமோர் ஓரியோல்! செம்மஞ்சளும் கறுப்புமாக அழகிய பறவைதான். எனினும் மாம்பழக் குருவிக்கு உறவில்லாத வேறொரு குடும்பம். ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறியவர்கள், ஊரில் விட்டுவந்த பறவையின் சாயலைக் கண்டு அப்பெயரை வைத்துவிட்டார்கள். இதை அவருக்கு விளக்கி எழுதினேன். "பெயர் வைச்ச ஆக்களை எனக்கு விளங்குது" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

சிக்கல் அதன்பின்தான். சுவரைக் காப்பாற்ற வேண்டுமானால் ஆலை வெட்டவேண்டும். ஆலை வெட்டினால் அந்த வளவில் பறவைக்குப் பழமில்லை. "நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று அவர் என்னிடமே கேட்டார். பறவைக்காக வாதாட எனக்கு ஆசையிருந்தது; அதற்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பெற்ற தாய் சமைத்த சுவர் அது. கூட்டிலுள்ள குஞ்சுகள் பறக்கும்வரை பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன். பொறுத்தார். இயந்திரத்துக்குப் பேசிய நாளைச் சில வாரங்கள் தள்ளிவைத்தார். சிவப்பு ஏறாத அலகும் வரிவிழுந்த தொண்டையுமாக இரண்டு குஞ்சுகள் கிளைக்கு வந்ததை ஆச்சியின் பேரன் தொலைபேசியில் அறிவித்தான்.

ஆனி மாதம் ஆல் வெட்டப்பட்டது. மாமரத்தைத் தொடவேண்டாம் என்று சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். வேரை உரித்தெடுத்தபோது சுவரின் ஒரு பாதி கூடவே விழுந்துவிட்டது. அடுப்புப் பக்கம் நிற்கிறது. ஆடியில் நான் போனபோது குரல் அடுத்த வளவிலிருந்து கேட்டது. அங்கும் ஓர் ஆல், அதுவும் ஒரு சுவரின்மேல். அந்த வளவுக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று ஆச்சிக்கும் தெரியவில்லை.