மெல்லோடும் நீரும் மின்னாற்றலும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் நெடுஞ்சாலையில் தொழிற்கூடங்கள் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றினிடையே ஏரிகளும் உள என்பதை வழிச்செல்வோர் பலர் மறந்துவிடுகின்றனர். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, அவற்றின் உபரிநீரை ஏற்கும் செம்பரம்பாக்கம் ஏரி எனத் தொடரும் இந்நீரோட்டத்திலிருந்து மின்சாரம் எடுத்தலாகாதா என்று மாணவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. மதகு, கலிங்கு, குமிழி என்னும் சொற்களைப் பாடமாக நடத்துகின்ற நமக்கும் இவ்வினா அந்நியமன்று.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பினூடே வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் செல்லும் நீரில் 500 வாட் ஆற்றல் உண்டு. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும்; ஏறத்தாழ 62 வாட்! அதிலும் ஒரு பகுதியையே பொறி கவர இயலும். ஏரிக்கால்வாயை நம்பித் தொழிற்கூடம் நடத்துதல் பகற்கனவே.

எனினும் சிறுமின்னாக்கிகளை இகழ்தல் கூடாது. செப்புக்கம்பிச் சுருளினுள் காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என 1831-இல் பாரடே காட்டினார். ஆனால் அசைவு மெதுவானால் மின்னழுத்தம் குன்றிவிடும். தலைவாரிய சீப்பு காகிதத் துண்டுகளை ஈர்க்கக் காண்கிறோமே, அவ்வுராய்வு மின்சாரத்தைப் பயன்கொள்ளும் கருவியை 2012-இல் சோங் லின் வாங் குழுவினர் அமெரிக்காவில் வெளிப்படுத்தினர். மெல்லசைவிலும் அது உயர்ந்த மின்னழுத்தம் தரும். மின்னோட்டமோ மிகச் சிறிது. இவ்விரண்டையும் ஒரே மிதவையினுள் இணைப்பதே கலப்பு மின்னாக்கி. ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்கிறது.

தொழிற்கூடக் குழாய்களில் நாள்முழுதும் நீர் ஓடுகிறதே, அங்குப் பொருத்தலாமே என்பர் சிலர். எக்கி தள்ளிய நீரை இடையிலே தடுத்து ஆற்றல் எடுத்தால், எக்கிக்கே மின்செலவு கூடும். ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பது போன்றது அது. வால்வினால் வீணே அழுத்தம் குறைக்கப்படும் இடமாயின் எடுக்கலாம், தாராளமாக எடுக்கலாம்.

பின் யாருக்காக இக்கருவி? காவலுக்காக என்பதே நம் கருத்து. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதும், அடையாற்றங்கரை மக்கள் நள்ளிரவில் உடைமை துறந்து ஓடியதும் மறக்கற்பாலன அல்ல. பெருமழையில் மின்கம்பி அறும். கருமேகத்தால் சூரியப்பலகையும் சோரும். அப்பொழுதுதான் கால்வாய்நீர் விரைந்தோடும். அவ்விரைவிலேயே ஆற்றல் பெற்று, சிறிது சேமித்து, நீர்மட்டத்தை அளந்து செய்தி அனுப்பும் கருவிக்குச் சில வாட் மின்சாரமே மிகை.

2022 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அப்துஸ் சமது குழுவினர் தூத்துக்குடிக் கடலில் சோதித்த 'சிந்துஜா-1' என்னும் அலையாற்றல் கருவியின் திறன் 100 வாட்டே. கரைக்குத் தொலைவிலுள்ள கருவிகளுக்கு மின்சாரம் அளிப்பது அவர்தம் நோக்கங்களுள் ஒன்று.

நம் ஏரிகளில் வேறொரு பகை உண்டு: ஆகாயத்தாமரையும் சேறும். உராயும் படலத்தில் ஈரம் புகுந்தாலும் மின்னூட்டம் கசிந்துவிடும். ஆய்வுக்கூடத் தெளிநீர்த் தொட்டியில் ஓடியது போதாது. வடகிழக்குப் பருவமழை முழுவதும் கால்வாயில் கிடந்து, தழை சுற்றியும் ஓடுகிறதா என்று பார்த்தல் வேண்டும்.