கொல்லிமலையில் ஒரு விருந்து

ஓய்வு என்றவுடன் நம்மவர்களுக்கு உதகமண்டலமும் கொடைக்கானலுமே ஞாபகத்துக்கு வருகின்றன. அங்கே போனால், சென்னையில் வருஷக்கணக்காகச் சந்திக்க முடியாத சிநேகிதர்களையெல்லாம் ஒரே மாலையில் சந்தித்துவிடலாம். அது ஒரு சௌகரியந்தான். ஆனால் ஒருவரையும் சந்திக்காமல் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் உலகத்தில் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்காகவே நாமக்கல் ஜில்லாவில் கொல்லிமலை இருக்கிறது.

நாமக்கல்லிலிருந்து மலைக்கு மேல் சுமார் 55 கிலோமீட்டர். அடிவாரத்தில் காரவள்ளி என்னும் ஊர் வரையில் சாலை சாதுவாக இருக்கிறது. அதற்கு மேல் 70 கொண்டையூசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவுக்கும் எண் உண்டு. முதல் இருபது வளைவுகளைக் குழந்தைகள் உற்சாகமாக எண்ணுகிறார்கள். நாற்பதுக்கு மேல் எண்ணுகிறவர்கள் பெரியவர்கள். இன்னும் எத்தனை பாக்கி என்று!

மேலே சேர்ந்ததும் சிரமமெல்லாம் மறந்து போகிறது. கடல் மட்டத்துக்குச் சுமார் 1000 மீட்டர் முதல் 1300 மீட்டர் வரையில் உயர்ந்த விசாலமான பீடபூமி அது. உதகையைப் போல் பல்லைக் கிட்டும் குளிர் இல்லை. ஒரு சால்வை போதும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ஊர்களெல்லாம் நாடுகளாக இருக்கின்றன. இங்கே வசிக்கும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். காஞ்சீபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த சகோதரர்களின் சந்ததியார் தாங்கள் என்பது இவர்களுடைய கர்ண பரம்பரைக் கதை.

நாம் தங்கியது ஒரு தோட்ட விடுதியில். சில்வர் ஓக் மரங்கள் வானத்தைத் தொடுகின்றன. அவற்றின்மேல் மிளகுக் கொடி ஏறுகிறது. நிழலில் காப்பிச் செடிகள். நடுவில் ஓடு வேய்ந்த சிறு சிறு வீடுகள். உள்ளே மெத்தை, வெந்நீர், மின்சார விளக்கு ஆகிய சகல வசதிகளும் உண்டு. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி கேட்காமலே அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கைப்பேசி பேச மறுத்துவிட்டபடியால் நமக்கும் பேச வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. இதைவிடப் பெரிய சுகம் என்ன இருக்கிறது?

காலைப் பலகாரத்துக்கு மேஜையண்டை போய் உட்கார்ந்தோம். ரொட்டி வந்தது, வெண்ணெய் வந்தது, முட்டை வந்தது. நாமக்கல் முட்டை இந்தியாவெங்கும் பிரசித்தமானது. அது 70 வளைவுகளையும் தாண்டி உடையாமல் வந்திருந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டோம். "மலையில் விளைந்தது ஏதாவது உண்டா?" என்று விசாரித்தோம். பரிமாறிய இளைஞர் சற்று யோசித்து, "மிளகுத்தூள் இருக்கிறது, சார்!" என்றார்.

அப்போது நமக்கு வல்வில் ஓரியின் ஞாபகம் வந்தது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான அவன் ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் விழாவும் நடக்கிறது. ஒரே அம்பினால் யானை முதல் உடும்பு வரையில் ஐந்து பிராணிகளை வீழ்த்தினான் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஆனால் வில் திறமையைவிட நமக்குப் பிடித்தது அந்தப் பாட்டின் பிற்பகுதிதான். எதிரில் நிற்பவன் இன்னான் என்று அறியாமல் பாணர்கள் பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் வெட்கப்படுகிறான். பிறகு தான் வேட்டையாடிய மானின் இறைச்சியைக் கொடுக்கிறான், மதுவைக் கொடுக்கிறான், தன் மலையிலே பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். கீழ்நாட்டிலிருந்து வரவழைத்து அவன் ஒன்றும் கொடுக்கவில்லை.

இப்போது அந்த மலையில் என்னதான் விளைகிறது? பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பினோம். சோளக்காடு என்னும் ஊரில் சந்தை கூடுகிறது. ஊரின் பெயரில்தான் சோளம்; சந்தையில் பலாவும், வாழையும், அன்னாசியும் மலைபோல் குவிந்திருக்கின்றன. வழியெல்லாம் சரிவுகளில் குச்சிக்கிழங்கு என்று சேலத்தார் சொல்லும் மரவள்ளி. அந்தக் கிழங்கு லாரி ஏறிக் கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. ரொக்கம் கிடைக்கும் பயிர். குடியானவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விலையை நிர்ணயிப்பது கீழே உள்ள சந்தை. சரிவிலே கிழங்கைப் பிடுங்கும்போது மண் தளர்ந்து அடுத்த மழைக்கு ஓடைக்குப் போகிறது. முன்னெல்லாம் அதே சரிவுகளில் சாமையும், கேழ்வரகும், தினையும், பனிவரகும் விளைந்தன. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை என்று எத்தனையோ ரகங்கள் உண்டு.

ஒரு வீட்டுத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "பெரியம்மா, இதை ஏன் இப்போது யாரும் அதிகம் பயிரிடுவதில்லை?" என்று கேட்டோம். "விதைக்கிறது சுலபம், சாமி! குத்தித் தின்கிறதுதான் கஷ்டம்" என்றார். முழு விஷயமும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. கடுகளவு தானியத்தை உரலில் இட்டு உமி போகக் குத்துவதற்குப் பெண்களின் தோள்பட்டை என்ன பாடுபட்டிருக்கும்? ரேஷன் அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையைச் சுவரில் சாத்தியதில் அதிசயமில்லை.

ஸ்ரீ எம். எஸ். சுவாமிநாதன் 1988-இல் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் இங்கே வந்து இந்த முடிச்சைத்தான் அவிழ்க்க முயன்றார்கள். பழைய விதைகளைச் சேகரித்தார்கள். உமி நீக்கும் யந்திரங்களைக் கிராமங்களிலே அமைத்து, பெண்கள் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். சாமையரிசியையும் தானிய மாவையும் பொட்டலம் கட்டிக் கீழே விற்க வழி செய்தார்கள். பிற்பாடு ஐக்கிய நாடுகள் சபையே 2023-ஆம் வருஷத்தைச் சிறுதானிய வருஷம் என்று கொண்டாடியது. உலகம் கொண்டாடுகிறது, ஆனால் இதே மலையில் உள்ள விடுதியின் மேஜைக்குச் சாமை வந்து சேரவில்லை!

நாம் இரண்டு படி சாமையரிசி வாங்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினோம். சமையற்கட்டில் இருந்த அம்மாள் உள்ளூர்க்காரர். அரிசியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. அன்றிரவு சாமைச் சோறும், அவரைக்காய்க் குழம்பும், மிளகு ரசமும் கிடைத்தன. பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், பிறகு கேட்டார்கள், பிறகு இரண்டாந்தரமும் கேட்டார்கள். ரொட்டி தீண்டுவாரில்லாமல் கிடந்தது.

மறுநாள் அறப்பளீசுவரரைத் தரிசித்துவிட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கைக்குப் போனோம். அய்யாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. சாரலில் நனையும்போது உண்டாகும் ஆனந்தத்தை நேயர்கள் நேரில்தான் அனுபவிக்க வேண்டும். திரும்ப ஏறும்போது உண்டாகும் அனுபவத்தைப் பற்றி இங்கே பிரஸ்தாபிக்காமல் இருப்பதே நலம்.

கொல்லிமலைக்கு நேயர்கள் குடும்பத்துடன் அவசியம் போய் வர வேண்டும். ஒரேயொரு வேண்டுகோள்: சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும், "சாமைச் சோறு உண்டா?" என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னாலும் மறு வேளையும் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் விடுதிக்காரர் வாங்குவார். அவர் வாங்கினால் சரிவில் ஒரு காணியாவது சாமைக்குத் திரும்பும். விருந்தினர் கேட்காமலே மலையில் விளைந்ததைக் கொடுத்தவன் ஓரி. அவனுடைய மலையில் இப்போது நாம் கேட்டாவது வாங்கிச் சாப்பிடலாம் அல்லவா?