யார் எந்தக் கூட்டணியில்?

கிறிஸ்து பிறப்பு விடுமுறை நாட்களில் ஒரு மாலைப் பொழுது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த நமது சிற்றூரில், கரையேற்றி வைத்திருந்த படகொன்றின் நிழலில் அமர்ந்து காற்று வாங்கிக் கொண்டிருந்தோம். சற்றுத் தள்ளி இளைஞர் சிலர் ஒரு கைப்பேசியைச் சுற்றிக் குழுமி நின்றனர். “இது அங்கே போய்விடும்” என்றான் ஒருவன். “போகாது, அவர்கள் சேர்த்துக் கொள்ள மாட்டார்கள்” என்றான் மற்றொருவன். கட்சிக் கூட்டணிகளைப் பற்றித்தான் இத்தனை சூடான விவாதம் என்று எண்ணி, “எந்தக் கட்சி, தம்பி?” என்று கேட்டோம்.

“கட்சி இல்லை, தாத்தா. கல்லூரி!” என்று சிரித்தான் நம் தம்பியின் பேரன். அவன் கலிபோர்னியாவில் மேற்படிப்புப் படிப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் அருகில் வந்து அமர்ந்து விளக்கிய செய்தி நம்மை அன்றிரவு உறங்க விடவில்லை. அதற்குக் காரணம் அமெரிக்கா அன்று. நம் சொந்தப் பழங்கணக்கு ஒன்று. அதைப் பின்னர் சொல்வோம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து என்றால் நாம் அறிந்த உருண்டைப் பந்து அன்று. இருமுனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்திக் கொண்டு ஓடும் ஆட்டம் அது. அங்குள்ள கல்லூரிகள் அக்கம்பக்கத்தவரோடு கூட்டணி அமைத்து, ஆண்டுதோறும் தமக்குள் ஆடி வந்தன. 1896-இல் தோன்றிய ‘பிக் டென்’ என்னும் கூட்டணி இவற்றுள் மூத்தது. பெயரில் பத்து என்று இருந்தாலும், இன்று அதில் பதினெட்டுப் பல்கலைக் கழகங்கள் உள்ளன! பசிபிக் கடலோரப் பல்கலைக் கழகங்களின் கூட்டணி 1915-இல் பிறந்தது. ஒரே கடற்காற்றைச் சுவாசித்தவர்கள் நூறாண்டுக் காலம் ஒருவரோடு ஒருவர் மோதியும் தழுவியும் வாழ்ந்தார்கள்.

பின்னர் தொலைக்காட்சிப் பணம் வந்தது. எந்தக் கூட்டணியின் ஆட்டங்களை மிகுதியானோர் பார்க்கிறார்களோ அதற்கு மிகுதியான பணம். 2022 ஜூன் திங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இரு பெரும் பல்கலைக் கழகங்கள் பசிபிக் கூட்டணியை விட்டுப் ‘பிக் டென்’னுக்குப் போவதாக அறிவித்தன. அணையில் விழுந்த முதற்கீறல் அது. 2023 கோடையில் ஒன்றன்பின் ஒன்றாக எட்டுப் பல்கலைக் கழகங்கள் வெளியேற முடிவு செய்தன. ஸ்டான்போர்டும் பெர்க்கிலியும் எங்கே சேர்ந்தன தெரியுமா? அட்லாண்டிக் கடலோரக் கூட்டணியில்! மேற்குக் கடலோரத்தில் நின்று கொண்டு கிழக்குக் கடலோரத்தவர் என்று பெயர் பதித்துக் கொண்டன. பன்னிருவர் இருந்த பழைய வீட்டில் இறுதியாக எஞ்சியவை இரண்டே: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். அவை தவறேதும் செய்யவில்லை. பெருநகரங்களில் இல்லை என்பதே அவற்றின் குறை. பின்னர் அவ்விரண்டும் சோர்ந்து விடாமல் புதிய தோழர்களைத் தேடின. 2026-இல் தொடங்குமாறு மீண்டும் கட்டப்பட்ட அக்கூட்டணிக்கு, இயேசு சபைக் குருக்களின் கொன்சாகா பல்கலைக் கழகமும் 2024-இல் இசைவு தந்தது.

இதில் நம் உள்ளத்தைத் தைத்தது வேறொன்று. கால்பந்துக்காகச் செய்த மாற்றம் கால்பந்தோடு நிற்பதில்லை. கைப்பந்து ஆடும் பெண்பிள்ளைகளும் அந்த நெடும்பயணத்தை மேற்கொள்ள வேண்டும். ஸ்டான்போர்டிலிருந்து பாஸ்டனுக்கு ஆடச் செல்வதெனில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நம் நாட்டில் கன்னியாகுமரியிலிருந்து காசுமீரத்துக்குச் செல்வதைவிட நெடுந்தொலைவு. பணம் வந்தது ஓர் ஆட்டத்துக்கு. பயணக் களைப்பு வந்தது எல்லா ஆட்டத்துக்கும்.

இக்கதையில் நம்மவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். 1979-இல் தோன்றிய ‘பிக் ஈஸ்ட்’ என்னும் கூட்டணி கூடைப்பந்தால் புகழ் பெற்றது. அதன் முதுகெலும்பாக இருந்தவை கத்தோலிக்கக் கல்லூரிகள். நாளடைவில் கால்பந்தின் பொருட்டுத் தொலைதூரக் கல்லூரிகள் வருவதும் போவதுமாக அக்கூட்டணி சத்திரம் போலாயிற்று. 2012 டிசம்பரில் ஜார்ஜ்டவுன், வில்லனோவா, மார்க்கெட் உள்ளிட்ட ஏழு கத்தோலிக்கப் பல்கலைக் கழகங்கள் கூடிப் பேசி, தாமே பிரிந்து செல்வதென்று முடிவெடுத்தன. 2013-இல் பழைய பெயரையும் தம்மோடு எடுத்துச் சென்றன. கால்பந்துப் பணத்தைத் துரத்தாமல் தமக்கு இசைந்த ஆட்டத்தைப் பேணின. சிறுத்துப் போவார்கள் என்று பலர் எண்ணினர். ஆனால் வில்லனோவா 2016-இலும் 2018-இலும் கூடைப்பந்தில் அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்துக்கும் தலைமை பெற்றது. பிரிவதெல்லாம் பேராசையன்று என்பதற்கும் இது சான்று. எதற்காகப் பிரிகிறோம் என்பதே கேள்வி.

“இதெல்லாம் அந்நிய நாட்டுச் சங்கதி, தாத்தா. நம் ஊரில் இல்லையா?” என்று இடைமறித்தான், நம் பங்கின் இளைஞர் அணித் தலைவன். படகு எஞ்சின் பழுது பார்க்கும் பிள்ளை. பந்து காலில் பட்டால் காற்றாகப் பறப்பான். அவன் சொன்னது உண்மைதான். 2014-இல் எட்டு அணிகளோடு தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் நம் சென்னையின் எஃப்.சி. இருமுறை வாகை சூடியது. ஆனால் 2018–19 பருவத்தில், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தாயகமாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி என்னும் மற்றொரு தமிழ்நாட்டு அணி, ஐ-லீக் பட்டத்தை 43 புள்ளிகளோடு வென்றது. புகழ்மிக்க ஈஸ்ட் பெங்கால் ஒரே புள்ளியில் பின்தங்கியது. வென்றவர்களுக்கு மேல்வீட்டுக் கதவு திறந்ததா? திறக்கவில்லை. வெற்றியால் மேலே ஏறும் வழியே அப்போது வகுக்கப்படவில்லை. அவ்வழி திறந்து, 2023-இல் பஞ்சாப் அணி முதன்முதலாக ஏறிச் சென்றபோது சென்னை சிட்டி ஐ-லீக்கிலும் இல்லை. ஆனால் வெல்லாமலே அழைப்புப் பெற்று உள்ளே சென்ற அணிகள் உண்டு. மேல்வீடாவது நிலைத்ததா என்றால், ஒப்பந்தச் சிக்கலால் 2025 ஜூலையில் அத்தொடரின் அடுத்த பருவமே நிறுத்தி வைக்கப்பட்டது. பணத்தின்மேல் கட்டிய கூரை, பணம் அசைந்தால் தானும் அசைகிறது.

கோடுகளை மாற்றி வரைவது நமக்கும் புதிதன்று. 1997-இல் பழைய செங்கற்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. அதன்பின்னும் நம் கடலோரத்து ஏழை ஒருவன் ஆட்சியரைக் காண வேண்டுமானால், இரண்டு பேருந்து மாறிக் காஞ்சிபுரம் போய்ச் சேர வேண்டும். ஒருநாள் தொழில் போயிற்று. 2019 நவம்பர் 29-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது அப்பயணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதற்கு முன்பே, 2002-இல், சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கற்பட்டு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. ‘நம்மைத் தாய்வீட்டிலிருந்து அனுப்பி விட்டார்களே’ என்று அன்று நாமே மனங்கலங்கினோம். ஆனால் ஆயர் இல்லம் அருகில் வந்த பின்னரே, தனிக்குடித்தனத்தின் பயன் விளங்கிற்று. இக்கோடுகள் எளியவனின் பயணத்தைக் குறைத்தன. அமெரிக்கக் கோடுகளோ பிள்ளைகளின் பயணத்தைக் கூட்டின. கோடு நல்லதா தீயதா என்று அளக்க இதைவிட எளிய அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.

இளைஞர்கள் அன்று மாலை அத்தனை ஆவலோடு பேசியதன் காரணம் பிறகே வெளிப்பட்டது. நகரத்தவர் நடத்தும் பெரிய பந்தாட்டத் தொடர் ஒன்றில் சேருமாறு நம் ஊர் அணிக்கு அழைப்பு வந்திருந்தது. பரிசுத் தொகை உண்டு, சீருடை உண்டு. ஆனால் ஆட்ட நாட்கள், நான்கு கடலோர ஊர்கள் சேர்ந்து உயிர்த்த ஞாயிறை ஒட்டி நடத்தும் நம் சிறு தொடரோடு மோதின. “போகலாமா, தாத்தா?” என்று கேட்டான் அணித் தலைவன்.

நாம் உடனே விடை கூறவில்லை. 1976-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அப்போது நமக்குப் பத்தொன்பது வயது. நம் ஊர் அணியின் இடப்புற ஆட்டக்காரர். அன்றும் இதே போன்ற அழைப்பு. அன்றும் இதே நான்கு ஊர்த் தொடர். ‘அந்தச் சிற்றூர்களோடு ஆடி என்ன கண்டோம்?’ என்று கூட்டத்தில் எழுந்து பேசியவர் நாமே. கைகள் உயர்ந்தன. மற்ற மூன்று ஊர்களுக்கும் ஒரு சொல் சொல்லியனுப்பவும் நமக்குத் தோன்றவில்லை. இரண்டு பருவம் நகரத்துக்குப் போய் வந்தோம். பேருந்துக் கட்டணத்துக்கு வீட்டில் கடன் வாங்கினோம், பெரும்பாலும் தோற்றோம், மூன்றாம் ஆண்டு அழைப்பே வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் நான்கு ஊர்த் தொடர் மாண்டு போயிருந்தது. ஓர் ஊர் போனதும் மற்ற மூன்றும் சோர்ந்து விட்டன. அது மீண்டும் உயிர் பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ஆடாமலே வளர்ந்து விட்டார்கள்.

நெடுங்காலம் கழித்து, மீன் ஏலம் விடும் இடத்தில் பக்கத்து ஊர் அணியின் பழைய பந்துகாப்பாளரைச் சந்தித்தோம். நலம் விசாரித்தார்; பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். விடைபெறும் வேளையில் மட்டும், “அந்த வருஷம் நாங்கள் மைதானத்து முள்ளையெல்லாம் வெட்டி, புதுச் சவுக்குக் கழி நட்டு வைத்திருந்தோம், அண்ணே. நீங்கள் வருவீர்கள் என்று அந்தி சாயும் வரை உட்கார்ந்திருந்தோம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நாம் எப்போதோ மறந்திருப்போம்.

இதை அப்படியே அப்பிள்ளைகளிடம் சொன்னோம். ‘போகாதீர்கள்’ என்று சொல்லவில்லை. சொல்லும் தகுதி நமக்கில்லை. திறமை உள்ள பிள்ளைக்குப் பெரிய களம் வேண்டும் என்பதும் உண்மையே. “போவதற்கு முன் அந்த மூன்று ஊர்களையும் கேட்டீர்களா?” என்று மட்டும் கேட்டோம்.

சிறிது நேரம் அலைகளின் ஓசைதான் கேட்டது. பின்னர் அணித் தலைவன் எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக் கொண்டு, “நாளைக்குக் காலையில் நாங்களே போய்க் கேட்கிறோம், தாத்தா” என்றான். மறுநாள் இருவர் மோட்டார் சைக்கிளில் மூன்று ஊருக்கும் சென்று வந்தனர். நான்கு ஊர்த் தொடரை இரண்டு வாரம் முன்னதாக நடத்துவது. அதில் சிறந்து ஆடுவோரை, எந்த ஊராராயினும், நகரத்துத் தொடருக்கு அழைத்துச் செல்வது. அணிக்கு ஓர் ஊரின் பெயரை வைக்காமல் கடற்கரையின் பெயரை வைப்பது என்று பேசி முடித்திருக்கிறார்கள். நகரத்தவர் இதற்கு இசைவார்களா என்று தெரியவில்லை. இசையாவிட்டாலும் முதலில் நடப்பது நம் தொடர்தான் என்று பிள்ளைகள் உறுதியாக இருக்கிறார்கள்.

அன்பு வாசகர்களே, ‘யார் எந்தக் கூட்டணியில்?’ என்று உலகம் ஊகித்துக் கொண்டிருக்கட்டும். நம் பிள்ளைகள் வேறொரு கேள்வியைக் கற்றுக் கொண்டார்கள்: நாம் போனால் பின்னே நிற்பவர் யார்? இவ்வாண்டு ஆட்டத்துக்குச் சவுக்குக் கழி நடும் பொறுப்பை நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பந்துகாப்பாளருக்கும் சொல்லியனுப்பியிருக்கிறோம். அவர் வருவார் என்று அந்தி சாயும் வரை காத்திருக்க நாமும் ஆயத்தமாக இருக்கிறோம்.